ஓடுகிற மிஷினுக்குத்தான் பட்டன் போர்டு

கிட்ட வந்து குந்துங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்தக் கதவையும் சாத்திடுங்க. இந்தக் கதையில வர்ற மனுசர் பென்ஷன் வாங்கிக்கினு இதே விழுப்புரத்துல, ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. கண்ணு மங்கிப் போச்சே தவிர, காது மட்டும் நல்லாவே கேக்குது.

அவர் பேர் கோதண்டபாணி. குவைத்துக்குப் போனவர்கள் எல்லாம் வீட்டுக்கு டேப் ரிக்கார்டர் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கோதண்டபாணியின் மச்சான் சீனுவாசனும் குவைத்தில்தான் இருந்தான். அவன் டேப் ரிக்கார்டர் அனுப்பவில்லை. காரணம் அவன் அக்கா, கோதண்டபாணியின் சம்சாரம் அம்சாவின் கை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் புண். குழம்புச் சோற்றைப் பிசைந்தால் காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று, கட்டிக்கொடுத்த நாளிலிருந்து ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லீவில் வந்தவன் அதைப் பார்த்துவிட்டுப் போனான். அடுத்த வருஷம் கப்பலில் ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற மிஷின்.

அந்த மாதிரி ஒன்று உலகத்தில் உண்டு என்பதே நமக்கு அன்றைக்குத்தான் தெரியும். கோதண்டபாணி அதைக் கூடத்தில் ஜன்னல் ஓரமாக வைத்து, மாடித் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, மேலே பூப்போட்ட துணி ஒன்றையும் விரித்துவிட்டார். அடுப்படியில் வைத்திருக்கலாம். ஆனால் அடுப்படியில் வைத்தால் யார் பார்ப்பது?

நாமெல்லாம் பார்த்தோம். பொய் சொல்லக் கூடாது, நானும் போனேன். போனவர்களுக்கெல்லாம் அம்சா காபி கொடுத்தாள். பாத்திரம் கழுவுகிற மிஷினைப் பார்க்க வந்த கூட்டத்தால், கழுவ வேண்டிய பாத்திரம் மூன்று மடங்கானது. ஆனாலும் மிஷின் முகம் சுளிக்காமல் கழுவியது. அம்சாவின் விரல் ஆறியது. ஒருநாள் வத்தக்குழம்பைக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டுவிட்டு, யாரிடமோ சண்டை போட்டு ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அரிவாள்மனைக்கு ஒரு பொட்டு, சைக்கிளுக்கு ரெண்டு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்த கோதண்டபாணி மிஷினுக்கு முன்னால் நின்றார். பட்டன் வரிசையைப் பார்த்தார்.

"மேல ஒரு பொட்டு வச்சா போதாதாங்க?" என்றாள் அம்சா.

"எப்படிப் போதும்? எல்லா பட்டனும்தானே வேலை செய்யுது? ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா அது பாரபட்சம்."

ஒவ்வொரு பட்டனுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனம் பாரபட்சமின்றி வழங்கப்பட்டது. மேலே குங்குமம். கடைசியில் சொம்புத் தண்ணீரை மூன்று தரம் சுற்றித் தெளித்தார். மறுநாள் காலையில் அம்சா பட்டனை அழுத்தியபோது எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தது. அதுதான் கடைசி.

ரேடியோ ரிப்பேர் பச்சைமுத்து வந்து கழற்றிப் பார்த்தார். "மிஷினுக்கு ஒண்ணும் இல்ல சார். பட்டன் போர்டு மட்டும் போயிடுச்சு. உள்ள பூரா சந்தனம். புது போர்டு வந்தா நாலு ஸ்க்ரூ, ஒரு டீ குடிக்கிற நேரம்."

"சாமி காரியத்துல ஆனது. குத்தம் சொல்லக் கூடாது" என்றார் கோதண்டபாணி.

"நான் சாமியைச் சொல்லல சார்" என்று பச்சைமுத்து டூல்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சீனுவாசனுக்கு எழுதினார்கள்; கடிதம் கிடைத்த கையோடு அவன் புது போர்டை பார்சலில் அனுப்பிவிட்டான். அது எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது. அங்கேதான் வினை.

கோதண்டபாணி தினமும் பாசஞ்சர் ஏறித் திண்டிவனத்துக்குப் போய் வேலை பார்த்த ஆபீசின் பெயர் 'அயல்நாட்டு உதிரிப்பாக விடுவிப்புப் பிரிவு'. அப்படி ஒரு ஆபீசு எதுக்குன்னு கேக்காதீங்க. ஆபீசு ஒண்ணு இருந்தா வேலை தானா வந்து சேரும். வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிப்பாகம் எல்லாம் அங்கே வந்து உட்காரும். விடலாமா கூடாதா என்று முடிவு செய்கிற சூப்பரின்டென்ட் நம் கோதண்டபாணிதான். அங்கே ஒரு விதி இருந்தது. 'இயங்கும் நிலையிலுள்ள இயந்திரங்களுக்கு மட்டுமே உதிரிப்பாகம் விடுவிக்கப்படும்.' செத்த மிஷினைக் காட்டி பாகம் வாங்கி விற்றுவிடுகிறார்களாம். அந்த விதியை எழுதி மேலிடத்தில் பாராட்டு வாங்கியவரும் அவரேதான்.

பார்சல் வந்த அன்றைக்கு கோதண்டபாணி ஒரு மனு எழுதிக்கொண்டு போய், மனுதாரர் பெஞ்சில் உட்கார்ந்தார். பியூன் முத்துசாமி ஓடிவந்தார்.

"சார், இன்னா சார் இங்க குந்திக்கினு இருக்கீங்க? உங்க சீட்டு காலியா இருக்குதே?"

"இப்ப நான் மனுதாரர். அதிகாரி வரட்டும்."

"அதிகாரி நீங்கதான் சார்!"

"இருந்தா இன்னா? முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் எழுந்து போய்த் தம் நாற்காலியில் உட்கார்ந்து, பெஞ்சில் விட்டுவந்த மனுவைக் கொண்டுவரச் சொல்லிப் படித்து, 'இயந்திரம் இயங்குவதை நேரில் ஆய்வு செய்க' என்று எழுதினார்.

வீட்டில் வந்து சொன்னதும் அம்சா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஓடாததுனாலதானே போர்டே கேக்கறோம்? ஓடுதான்னு வந்து பாப்பாங்களா?"

"விதி அப்படி."

"விதிய எழுதுனவரு யாரு? மாத்துங்களேன்."

"எழுதறது சுலபம் அம்சா. மாத்தறதுக்கு வருசக்கணக்காவும்."

"அது வரைக்கும் ஒரு ஆளையாவது தேய்க்க வச்சிக்கலாமா? கை மறுபடியும் வெடிச்சிடுச்சி."

"மிஷினு இருக்கற வூட்டுல ஆளு வச்சா ஊரு சிரிக்கும்!"

ஆய்வுக்கு வந்தவர் கோதண்டபாணிக்குக் கீழே வேலை பார்த்த தேவநாதன். நடுநிலை தவறக் கூடாதென்று கோதண்டபாணி தெருமுனை வெற்றிலைக் கடையில் போய் நின்றுகொண்டார். அம்சா காபி கொடுத்தாள். தேவநாதன் குடித்து முடித்து, அந்த டம்ளரையே நீட்டினார். "இதைக் கழுவிக் காட்டுங்கம்மா."

அம்சா அவர் கண்ணெதிரே டம்ளரை மிஷினுக்குள் வைத்து மூடினாள். "நீங்க வாசல்ல போய் அந்தப் பக்கம் திரும்பி குந்துங்க. இது ஓடறப்ப பார்த்தா ஆம்பளைங்களுக்கு ஆவாதுன்னு குவைத்துல சொல்லியிருக்காங்க."

தேவநாதன் அப்படியே போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். படித்தவர், எதற்கு ஆகாது என்றுகூடக் கேட்கவில்லை. அம்சா டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், காலி மிக்ஸியை ஓட விட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளே வெடித்த கையாலேயே தேய்த்துத் துடைத்து, மறுபடி மிஷினுக்குள் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். தேவநாதன் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துத் தம் மீசையைப் பார்த்துச் சரி செய்துகொண்டார்.

அவர் எழுதிய சான்று இது: 'இயந்திரம் செவ்வனே இயங்குகிறது. ஓசை மட்டும் சற்று அதிகம்.'

சில நாளில் வீட்டுக்கு ரிஜிஸ்தர் தபால் வந்தது. கோதண்டபாணி பிரித்துப் படித்தார். 'செவ்வனே இயங்கும் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேவைப்படவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.' அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அநியாயத்தைப் பாரு அம்சா! இப்படியும் ஒருத்தன் எழுதுவானா? இவனுக்கெல்லாம் வூடு வாசல் இருக்குதா இல்லையா?"

அம்சா எட்டிப் பார்த்தாள். "கீழ கையெழுத்து உங்களுதுங்க."

"அது ஆபீசுல இருக்கறப்ப போட்டது" என்றார் கோதண்டபாணி.

அம்சா தபாலை வாங்கி மடித்தாள். அன்றைக்கு அவள் பாத்திரத்தைத் தொடவில்லை. சாயங்காலம் கொல்லையில் பாத்திரம் மலையாகக் கிடந்தது.

"இன்னா அம்சா, தேய்க்கலையா?"

"காகிதப்படி நம்ம மிஷினு ஓடுதுல்ல?"

"காகிதப்படி ஓடுது."

"ஓடற மிஷினு இருக்கற வூட்டுல நான் குழாயடியில குந்திக்கினு தேய்ச்சா, பார்க்கறவங்க இன்னா கேப்பாங்க? தேவநாதன் பொய்ச் சான்று குடுத்தாரான்னு கேப்பாங்க. அதை ஏத்துக்கினு கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க."

கோதண்டபாணி வாசல் கதவைச் சாத்தினார். வேலை, பென்ஷன் எல்லாம் ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து போனது. "அப்ப ஆளு வச்சிக்கலாம்…"

"ஆளு தேய்க்கறதையும் ஊரு பார்க்கும்."

"பின்ன யாருதான் தேய்க்கிறது?"

அம்சா அவரை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுப்படிக் கதவை உள்ளே சாத்தினால் வெளியே தெரியாது என்பதை மட்டும் காட்டினாள். பிறகு தேங்காய் நாரையும் சாம்பல் கிண்ணத்தையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அன்றையிலிருந்து கோதண்டபாணி சாயங்கால பாசஞ்சரில், விழுப்புரத்துக்கு முந்தின ஸ்டேஷனான முண்டியம்பாக்கம் தாண்டும்போதே சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தார். ஸ்டேஷனில் யாரோடும் நின்று பேசுவதில்லை. நாம் வழக்கம்போல மிஷின் பார்க்கப் போனோம். காபி குடித்தோம். அம்சா டம்ளரை எல்லாம் வாங்கிக்கொண்டு போய் அடுப்படிக் கதவை ஒரு தட்டு தட்டி உள்ளே கொடுத்துவிட்டு வருவாள். 'கொர்ர்' என்று சத்தம் கேட்கும்.

"மிஷினை உள்ள மாத்திட்டியா அம்சா? அப்ப கூடத்துல இருக்கறது?" என்று எதிர்வீட்டு அம்மணி கேட்டாள்.

"அது பார்வைக்கு. தேய்க்கறது உள்ள இருக்குது. சாயங்கால வண்டியிலதான் வரும்."

அம்மணி அடுப்படிக் கதவைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த மாசமே எங்கள் தெருவில் நாலைந்து வீட்டு ஆம்பளைகளை டீக்கடையில் காணவில்லை. அதில் எங்க வூட்டு ஆம்பளை உண்டா என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம்.

மாசி பிறந்தபோது கோதண்டபாணியின் விரலிடுக்கு வெடித்துவிட்டது. பேனா பிடித்தால் எரிந்தது. ஆபீசில் சாம்பாரைப் பிசைந்துவிட்டு 'ஐயோ' என்று கத்தினார். முத்துசாமி ஓடிவந்து, "இன்னா சார்?" என்றார். கோதண்டபாணி கையைக் கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்தார், விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். வருஷக்கணக்கில் ஆக வேண்டிய வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. 'பொதுநலன் கருதி, ஓடாத இயந்திரங்களுக்கு மட்டும் உதிரிப்பாகம் உடனடியாக விடுவிக்கப்படும்.'

அன்று சாயங்காலம் போர்டுப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். வரும் வழியிலேயே பச்சைமுத்துவையும் கூட்டிக்கொண்டார்.

"அம்சா! வந்துடுச்சி பாரு! ஜல்தி, பச்சைமுத்து, நாலு ஸ்க்ரூதானே, மாட்டு!"

அம்சா மருதாணி வைத்த கையோடு வெளியே வந்தாள். புண் இருந்த இடமே தெரியவில்லை. பெட்டியை வாங்கிப் பார்த்தாள்.

"இருங்க பச்சைமுத்து அண்ணே. ஏங்க, புது விதி எந்த மிஷினுக்கு?"

"ஓடாத மிஷினுக்கு."

"நம்மளுது செவ்வனே ஓடுதுன்னு ஆபீசு எழுதிக் குடுத்திருக்குதே. ஓடற மிஷினுக்கு இதை மாட்டுனா முறைகேடாயிடாதா?"

கோதண்டபாணி விரல் விட்டு விதிகளை எண்ணிப் பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் படித்த விதிகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. பச்சைமுத்து சுவரைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார்.

அம்சா ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியைப் பரணில் கடைசி மூலைக்குத் தள்ளினாள். இறங்கினாள். பிறகு, அந்த வீட்டில் பரணுக்கு எட்டுகிற ஒரே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு அம்மணிக்கு இரவல் கொடுத்துவிட்டு வந்தாள்.