ரேகாவுக்கு ஒரு கடைசிப் பெயர்

மனிதனுக்குப் பெயர் ஒன்று இருக்க வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சிக்கல். நாம் நம்முடையது என்று நினைத்துக்கொண்டு திரிகிறோம். உண்மையில் அது அலுவலகத்துக்குச் சொந்தம், நாம் வாடகைக்கு வைத்திருக்கிறோம். இந்த விவரம் கடலூர் மஞ்சக்குப்பம் வெண்மதிக்கு 2009-ஆம் வருஷம் மாசி மாதத்தில் தெரியவந்தது.

வெண்மதிக்கு முதல் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தது. மாப்பிள்ளை பெயர் தங்கராசு. முகூர்த்த நாள் என்பதால் அன்றைக்குக் கோயிலில் ஏகப்பட்ட ஜோடி. கூட்டத்தில் நைசாகக் கழன்றுகொள்ளும் பழக்கம் அவனுக்கு அங்கேயே ஏற்பட்டிருக்க வேண்டும். சிங்கப்பூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவளைப் பாஸ்போர்ட் எடுக்கவைத்தான், கடைசிப் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடவைத்தான். சிதம்பரத்தில் குடியிருந்தபோது ரேகா பிறந்தாள். பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன் போனவன்தான். எதிர்த்தரப்பு வராமலே கோர்ட்டு விவாகரத்தும் கொடுத்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகு, கிள்ளையில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்க ஜெர்மனியிலிருந்து ரோல்ஃப் ஷ்னைடர் என்றொரு மெக்கானிக் வந்தான். அவனுக்கு மொழிபெயர்க்கப் போன வெண்மதியின் வேலை கொஞ்ச நாளில் போய்விட்டது. கிள்ளை மீனவர்களிடம் அவனே தமிழ் கற்றுக்கொண்டான். அதனால் உலகத்து ஆண்கள் எல்லாரும் அவனுக்கு மச்சான். மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் போனபிறகும் அவள் கிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்ததன் காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். பதிவுக் கல்யாணம். ரேகா அவனை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்பா என்றாள்.

அவனுக்கு ஹாம்பர்க்கில் வேலை கிடைத்தது. தூதரகத்தில் இரண்டு விஷயம் கேட்டார்கள். மூன்று பேரும் ஒரே குடும்பமாகப் போக மூவருக்கும் ஒரே கடைசிப் பெயர் வேண்டும். பிள்ளை நாட்டை விட்டுப் போகத் தகப்பன் சம்மதம் தெரிவித்து, உள்ளூர் அதிகாரி அதற்கு முத்திரை வைக்க வேண்டும். ரேகா இல்லாமல் விமானப் படிக்கட்டில் கால் வைக்கமாட்டேன் என்று வெண்மதி சொல்லிவிட்டாள்.

ரேகாவின் பிறப்பு சிதம்பரத்தில் பதிவாகியிருந்ததால் அங்கே ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். எந்த அலுவலகம் என்று சொல்வது உடம்புக்கு நல்லதில்லை. அதிகாரியின் பெயர் சிற்சபேசன். எண் கணித ஜோதிடர் சொன்னபடி அவர் தம் பெயரில் வருஷத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டிக்கொண்டே வந்ததில், பலகையில் இடம் போதாமல் கடைசி எழுத்தைச் சுவரில் எழுதியிருந்தார்கள்.

"பேர் மாத்தறதுன்னா வெளையாட்டு இல்லம்மா" என்று அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து அவர் ஆரம்பித்தார். "இப்ப பொண்ணுக்கு இன்னா பேர் வேணும்?"

"ரேகா ஷ்னைடர் சார்."

"அப்பா பேர் ரோல்ஃப்ங்கிறீங்க. அப்ப ஷ்னைடர் யாரு?"

"அவுங்க அப்பா பேரும் ஷ்னைடர்."

"ஆக, தாத்தா பேர் போடறீங்க. நம்ம பக்கத்துல அப்பா பேர்தான இனிஷியலு?"

"அவுங்க தாத்தாவும் ஷ்னைடர்தான் சார். அவருக்கு அப்பாவும்."

சிற்சபேசன் பேனாவை மூடினார். "குடும்பத்துல ஒருத்தருக்குக்கூட வேற பேர் கெடைக்கலியா?" என்று ரோல்ஃபைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இல்ல மச்சான்" என்றான் ரோல்ஃப் பணிவாக.

மச்சான் என்ற சொல்லை அதிகாரி கோப்பில் ஏற்றிக்கொள்ளவில்லை. "பொறப்புச் சான்றுல தகப்பனார் தங்கராசு. அன்னார் சம்மதிக்கணும். இல்லாட்டி இறப்புச் சான்று குடுங்க."

"அவர் எங்க இருக்கார்னே தெரியாது சார். உயிரோட இருக்காரான்னும் தெரியாது."

"தெரியாத வரைக்கும் அவர் உயிரோட இருக்கார்னுதான் அரசு கருதும். உயிரோட இருக்கறவரு கையெழுத்துப் போடறதுல இன்னா கஷ்டம்?"

"ஆளக் காணோமே சார்!"

"காணோம்னா, காணோம்னு அவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. மூணு காப்பி. இப்ப சாப்பாட்டு நேரம். திங்கக்கெழம வாங்க."

"இன்னிக்கே திங்கக்கெழமதான் சார்."

"அப்ப வசதியாப் போச்சு" என்று சிற்சபேசன் டிபன் கேரியரைத் திறந்தார்.

பிறகு பல திங்கட்கிழமைகள் வந்தன. வெண்மதி கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் நிற்பாள். ஒரு நாள் கோப்பு மேலே போயிருக்கும். இன்னொரு நாள் கீழே வந்துகொண்டிருக்கும். கட்டிடத்துக்கோ மாடியே கிடையாது. ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து பாயில் விழுந்து அழுதாள். விட்டுப்போனவன் பெயர் பிள்ளையின் முதுகில் இப்படி ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ரோல்ஃப் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிற முகத்தோடு யோசித்தான்.

"வெண்மதி, உன் பேர் மாறும். என் பேர் மாறும். ரேகா பேர் மட்டும் மாறாது. அப்ப துருப்பிடிச்சது அந்த நட்டுதான். அத ஏன் திருகுறோம்? மத்த ரெண்டையும் அதுக்கு ஏத்த மாதிரி போட்டுடலாம்."

"இன்னா சொல்றீங்க?"

"எங்க ஊர்ல புருஷன் பொண்டாட்டி பேர எடுத்துக்கலாம். உன் பாஸ்போர்ட்ல தங்கராசு. நானும் தங்கராசு ஆயிடறேன்."

"அய்யோ! அந்த ஆளு பேரா?"

"அந்த ஆளு அந்தப் பேர வெச்சிக்கினு ஒரு வேலையும் செய்யலியே. சும்மாதான கெடக்குது?"

வெண்மதி அழுதாள். அழும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் செய்ததில் விக்கல் எடுத்தது. ரேகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அப்ப இனிமே அப்பா பேர் என்னான்னு கேட்டா நெஜத்தையே சொல்லலாம்" என்றாள்.

ஷ்னைடர் பரம்பரை ஒரு முற்பகலில் ஒரு கையெழுத்தோடு முடிந்தது. புதுப் பாஸ்போர்ட் வந்ததும், மிச்சமிருந்த சம்மத முத்திரைக்காக மறுபடியும் சிதம்பரம் போனார்கள். மாட்டிக்கொள்வோமோ என்று வெண்மதி ரேகாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சிற்சபேசன் பிறப்புச் சான்றைப் பார்த்தார். தகப்பனார், தங்கராசு. பாஸ்போர்ட்டைப் பார்த்தார். ரோல்ஃப் தங்கராசு. அவர் முகத்தில் இதுவரை வெண்மதி காணாத ஒளி வீசியது.

"தகப்பனார் பேர் ஒத்துப் போவுதே! இத மொதல்லயே கொண்டாந்திருந்தா இவ்ளோ அலைச்சல் எதுக்கு?"

பக்கத்து மேசை எழுத்தர் மங்கலத்துக்கு மனசு கேட்கவில்லை. "சார், இவரு வெள்ளைக்காரரு. அந்தத் தங்கராசு..."

"ரெக்கார்டுல நெறத்துக்குன்னு கட்டம் இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னா? காணாமப் போன தகப்பனார் வந்துட்டார். அலுவலகம் கண்டுபிடிச்சிருக்கு" என்று அவரே ரோல்ஃபின் கையைக் குலுக்கினார். "பிள்ளையை விட்டுட்டு இவ்ளோ நாள் எங்க சார் போயிருந்தீங்க? குடும்பத்தப் பாத்துக்கணும் இல்ல?"

"தப்புதான் மச்சான்" என்றான் ரோல்ஃப்.

சம்மதக் கடிதத்தில் தங்கராசு கையெழுத்துப் போட்டான். முத்திரை விழுந்தது. 'மேற்படி தங்கராசு குடும்பத்துடன் வெளிநாட்டில் குடியேறிவிட்டார்' என்று எல்லாப் பதிவேட்டிலும் குறிப்பும் ஏறியது. வெண்மதி பஸ்ஸில் ரேகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலூர் வரும் வரைக்கும் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வருஷம் ஹாம்பர்க்கில் கோடை விடுமுறை. மூவரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. ரேகா எடுத்தாள்.

"யாரு வேணும்?"

"கண்ணு, நான்தாம்மா... தங்கராசு பேசறேன்."

ரேகா போனைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "அப்பா, யாரோ உங்க பேரச் சொல்லிப் பேசறாங்க. பொய் ஆளு."

வெண்மதி போனை வாங்கினாள். குரல் அவனுடையதேதான். உன் அம்மா வீட்டில் கெஞ்சி நம்பர் வாங்கினேன் என்று தொடங்கி அவன் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனான்.

"இலவச கலர் டிவி குடுக்கறாங்கன்னு ஊருக்கு வந்தேன் வெண்மதி. ரேஷன் கார்டுல என் பேர அடிச்சிட்டாங்க. தங்கராசு ஜெர்மனில இருக்காரு, நீ போலின்னு சொல்றான் அந்த சிற்சபேசன். வீடு இல்ல, ஓட்டு இல்ல, எனக்குப் பேரே இல்ல! நான்தான் தங்கராசுன்னு சொல்லிக்கறதுல ஆட்சேபண இல்லன்னு ஒரிஜினல் தங்கராசுகிட்ட கடிதம் வாங்கிட்டு வரணுமாம். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ஒரு கையெழுத்து..."

போன் பக்கம் காதை வைத்துக் கேட்ட ரோல்ஃப், "பாவம், போட்டுடலாம்" என்று சைகை காட்டினான். வெண்மதியும் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அலைந்த அலைச்சல் அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது.

"மனு மூணு காப்பி அனுப்புங்க. நீங்க யாருன்னு ஒரு சான்று வேணும்."

"அதத்தாம்மா கேக்கறேன்!"

"பேர் விஷயம் வெளையாட்டு இல்லீங்க. இப்ப சாப்பாட்டு நேரம். திங்கக்கெழம பேசுங்க."

"இன்னிக்குத் திங்கக்கெழமதான வெண்மதி?"

"அப்ப வசதியாப் போச்சு" என்று போனை வைத்துவிட்டு, வெண்மதி ரசத்தைக் கரண்டியில் மொண்டாள்.