நிஜக்காசு டீச்சரும் என் ஊதா நோட்டும்

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபது. குடையை விரித்தால் தேவையில்லை, விரிக்காவிட்டால் தலை நனையும் என்கிற ரகத் தூறல். அந்த நேரத்தில்தான் என் நூறு வெள்ளி நோட்டு ஒன்று என்னைவிட்டு நிரந்தரமாகப் பிரிந்தது. முப்பத்தொரு வருடம் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதியவன் நான். என் சட்டைப்பையிலிருந்து கேட்டவுடன் காசு எடுக்கவைக்கும் பிறவி மலேசியாவின் இந்தச் சிலாங்கூரில் ஒன்றே ஒன்றுதான். அது நிஜக்காசு டீச்சர்.

அசாம் ஜாவாவில் அம்மன் கோயிலை ஒட்டினாற்போல் இருந்த பாலர் பள்ளியில் பதினேழு பிள்ளைகள். அதில் ஒருத்தி என் பேத்தி. காசு அடையாளம் கற்றுக்கொடுக்க, பள்ளியை நடத்தும் மேடம் பிளாஸ்டிக் நாணயமும் அட்டை நோட்டும் ஒரு பெட்டி நிறைய வாங்கித் தந்திருந்தார். டீச்சர் அந்தப் பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

"பொம்மைக் காசுக்குப் பொம்மைச் சோறுதான் கிடைக்கும் ஐயா. நாளைக்கு ஒண்ணாம் வகுப்புக்குப் போயி, கெண்டீன்ல அஞ்சு வெள்ளியக் குடுத்துட்டு மீதி வாங்கத் தெரியாம ஓடியாந்துடுங்க இதுங்க. நிஜக்காசு எடுங்க."

"நான் எதுக்கு?"

"மத்தவங்க எல்லாம் போன்லல்ல வெச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் பையில வெச்சிருக்கீங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் நோட்டில் வகைக்கு ஒன்று, நாணயத்தில் வகைக்கு ஒன்று. மொத்தம் 186 வெள்ளி 85 காசு. பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வரும். அதுவரை நான் வகுப்பு வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பிள்ளைகள் சுவரைப் பார்த்து நிற்பார்கள். டீச்சர் நாணயத்தைச் சிமெண்டுத் தரையில் போடுவார். சத்தத்தை வைத்தே "அம்பது!", "பத்து!" என்று கத்துவார்கள். ஒருநாள் என்னையும் நிறுத்தினார். மூன்று முறை போட்டார், மூன்றும் தப்பு. "கிராணி தாத்தா ஃபெயிலு லா!" என்று பதினேழு பேரும் கைதட்டினார்கள். என் பேத்தி கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

இன்னொரு நாள் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், ஊதா நோட்டத் தொட்டா மட்டும் தாத்தா ஏன் பெருமூச்சு விடுறாரு?"

"அதான் நூறு வெள்ளி. கண்ணச் சுருக்குனாருன்னா அம்பது. நம்பர் மறந்துபோச்சுன்னா தாத்தா மொகத்தப் பாரு."

இடையில் ஒரு தடவை பத்துக் காசு எங்கோ உருண்டு போய்விட்டது. மேடம் காதுக்கு எட்டியது. "இன்னொரு தடவ காசு தொலைஞ்சா, நிஜக்காசும் வேணாம், நீங்களும் வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை பதினொன்று அன்று பன்னிரண்டு மணிக்கு என் கைக்கு வந்தது 86 வெள்ளி 85 காசு. நான்கு முறை எண்ணினேன். பாய்களை உதறினோம், பைகளைக் கவிழ்த்தோம். அப்போது யாழினி என்கிற வாண்டு எழுந்து நின்றாள்.

"நான் பத்திரமா வெச்சிட்டேன் டீச்சர்! பெரிய நோட்ட யாரும் எடுக்க முடியாத எடத்துல வைக்கணும்னு சொன்னீங்கல்ல?"

ஜன்னல் வழியே விரலை நீட்டினாள். கோயில் உண்டியல்! எட்டு இருபதுக்குக் கழிப்பறைக்கு என்று போனவள், போகிற வழியில் காரியத்தை முடித்திருக்கிறாள்.

டீச்சர் அவள் தலையைத் தடவினார். "சரியாத்தான் செஞ்சிருக்கா" என்றவர் என்னைப் பார்த்துக் குரலை இறக்கினார். "சம்பளத்துல மாசம் இருபதாக் குடுத்துடறேன் ஐயா. மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நான் கோயிலுக்கு ஓடினேன். டீச்சரும் பின்னாலேயே வந்தார். பொருளாளர் கணக்கு மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உள்ள விழுந்தது அம்மனோடது கிராணி ஐயா. திருவிழா முடிஞ்சுதான் தெறப்போம். தெறந்தாலும் தரமாட்டோம்."

திரும்பினால், குடையோடு மேடம் நிற்கிறார். "என்ன ஐயா, காசு தொலைஞ்சிடுச்சாமே?"

டீச்சர் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நாணயம் விழும் சத்தத்துக்குச் சுவரோடு நிற்கும் பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள்.

"தொலையல" என்றேன். "நன்கொடை. நான்தான் பிள்ளைகிட்ட குடுத்துப் போடச் சொன்னேன்."

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். "யாரு பேர்ல?"

அப்போதுதான் உறைத்தது. ஒன்றரை வருடமாக வாரம் தவறாமல் காசு கொடுத்திருக்கிறேன். டீச்சரின் பெயர் எனக்குத் தெரியாது.

"நிஜக்காசு டீச்சர்னே எழுதுங்க."

"அதே பேருக்கு ஒரு அர்ச்சனையும் போட்டுடவா? மூணு வெள்ளி."

சட்டைப்பையைத் தடவிக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தேன். போடச் சொன்னேன்.

அந்த வருடக் கடைசிவரை இங்கே இருந்த டீச்சர், இப்போது கலும்பாங் பக்கம் எங்கோ பாடம் நடத்துகிறாராம். இங்கே அட்டை நோட்டு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் போக இடமில்லை.

ஆக மொத்தச் செலவு நூற்று மூன்று வெள்ளி. அதிகமில்லை.