போர்ட்பிளேருக்கு ஒரு துப்பாக்கி

"பெட்டியைத் திறங்க," என்றார் கவுன்ட்டர் அதிகாரி.

அருணகிரி பட்டாளத்தில் நிற்பதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "துப்பாக்கிங்க சார். ஒத்தக் குழலு. லைசென்சு இருக்குது. தோட்டா தனியா தகரப் பெட்டியில இருக்குது. எல்லாம் ரூல்படி."

"ரூல்படிதான் நானும் திறக்கச் சொல்றேன். உள்ளே காலியான்னு பார்த்துட்டுத்தான் ஏத்தணும்."

அருணகிரி சட்டைப் பையைத் தடவினார். அப்புறம் கால்சட்டைப் பையை. அப்புறம் மறுபடியும் சட்டைப் பையை. பக்கத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றிருந்த மனைவி சின்னம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"சாவிய பத்திரமா தகரப் பெட்டியில போட்டேன்னு சொன்னீங்களே."

"அப்ப அந்த தகரப் பெட்டிய தொறமே."

"அதோட சாவியும் அதே வளையத்துலதான இருக்குது?"

தகரப் பெட்டியில் தொங்கியது அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற பூட்டு. பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம்.

மீனம்பாக்கத்திலிருந்து போர்ட்பிளேர் விமானம் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அதை விட்டால் கப்பல்தான். அது பன்னிரண்டு நாள் கழித்து. போர்ட்பிளேர் பேங்கிலிருந்து வந்த தந்தியோ, 'சொந்தத் துப்பாக்கியுடன் திங்கட்கிழமைக்குள் வந்து சேரவும். தவறினால் வேலை அடுத்தவருக்கு' என்று கறாராகச் சொல்லியிருந்தது.

அருணகிரிக்கு அந்தக் காவல்காரர் வேலை மிகவும் வேண்டியிருந்தது. பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று ஆரணிக்கு வந்து மூன்று வருஷம். சின்னம்மாள் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்ய, அவர் கீழே உட்கார்ந்து, தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்குப் பெயரே போய்விட்டது. 'சின்னம்மா வீட்டுக்காரரு' என்றுதான் கூப்பிட்டார்கள். மறுபடியும் ஒரு காக்கிச் சட்டை, ஒரு வாசல், தன்னை நம்பி நாலு பேர். அவ்வளவுதான் அவர் கேட்டது. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் சின்னம்மாளும் தறியோடு கிளம்பி வருவதாக ஏற்பாடு. கடலைப் பார்க்கப் போகிறோம் என்று அவளுக்கும் உள்ளுக்குள் ஒரே குஷி.

"உடைச்சிடலாம் சார். ஒரு சுத்தி குடுங்க," என்றார் அருணகிரி.

சுத்தி வந்தது. தோட்டாப் பெட்டியின் பூட்டில் அவர் ஓங்கி ஒரு போடு போட்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒரே தாவலில் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

அவர் வந்ததிலிருந்தே ஒரு மாதிரிதான் இருந்தார். கக்கத்தில் காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்றை இடுக்கிக்கொண்டிருந்தார். விமானம் கடலில் விழுந்தால் மிதக்கலாம் என்று கொண்டுவந்திருப்பார் போல என்று அருணகிரி மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பட்டாளத்துக்காரனுக்கு இப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம்தான்.

"பயப்படாதீங்க சார், தோட்டா தானா வெடிக்காது. அப்படி நாற்காலியில உட்காருங்க," என்றார் அதிகாரி.

"வேண்டாம், நிக்கறேன்," என்றது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

நாலாவது போட்டில் பூட்டு விட்டது. சாவி கிடைத்தது. துப்பாக்கிப் பெட்டியும் திறந்தது. அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

துப்பாக்கி மேல் நுனி முதல் அடி வரை சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். குழலின் வாயில் ஒரு குட்டி எலுமிச்சம்பழம்.

"என்னங்க இது?"

"முந்தாநாளு ஆயுத பூஜை சார்," என்றாள் சின்னம்மாள். "எங்க வீட்டுல தறி, நாடா, துப்பாக்கி எல்லாத்தையும் ஒண்ணா எலையில வச்சுத்தான் படைப்போம். இதுதான உண்மையான ஆயுதம்? அதுக்குத்தான் கூட ஒரு பழம்."

"காலின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரே அம்மா உங்க வீட்டுக்காரர்!"

"தோட்டா இல்லன்னுதான சார் எழுதினேன்," என்றார் அருணகிரி. "ஜல்தியா எடுத்துடறேன்."

கொண்டை ஊசியால் குத்தினார். பழம் இன்னும் உள்ளே போனது. விரலை விட்டார். அதற்கும் உள்ளே போனது. கடைசியில் துப்பாக்கியை நடுவில் மடக்கி, பின்பக்கமாகத் துடைப்புக் கம்பியை விட்டு ஒரு தள்ளு தள்ளினார். பழம் பொத்தென்று விழுந்து உருண்டு, அப்போதுதான் தூணைவிட்டு வெளியே வந்த வழுக்கைத் தலைக்காரரின் காலடியில் போய் நின்றது. அவர் மறுபடியும் தூணுக்குப் பின்னால் போனார்.

"இப்ப பாருங்க சார், சுத்தம்."

அதிகாரி குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதுபோல் தெரியவே, வாயை வைத்து ஊதினார். உள்ளே கட்டியாய் நின்றிருந்த குங்குமம் திரும்பி அவர் முகத்திலேயே அடித்தது. வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. தூரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், "ஐயோ, ரத்தம்! ஆபீசரை சுட்டுட்டாங்க!" என்று அலறினார். இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள்.

அருணகிரி குங்குமத்தை நக்கிக் காட்டி நிரூபித்த பிறகுதான் அவர்கள் போனார்கள். விமானத்துக்கு இன்னும் இருபது நிமிஷம். அதிகாரிக்கு மூக்கு மட்டும் வெள்ளையாக இருந்தது, மற்றதெல்லாம் கோபம்.

"இனிமே நான் ஒரு துளி ரிஸ்க் எடுக்க மாட்டேன். தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கற ஊசி இருக்கே, அதைக் கழட்டிக் குடுங்க. அது பைலட்கிட்ட போகும், துப்பாக்கி கீழே போகும். கழட்டத் தெரியுமா?"

அருணகிரிக்கு முகம் மலர்ந்தது. "தெரியுமாவா? கண்ண கட்டிகினு கழட்டுவேன், கண்ண கட்டிகினு மாட்டுவேன் சார். மூணு வருசம் முன்ன, ஊருக்கு வந்த மொத ஆயுத பூஜையில, மொத்தமும் பிரிச்சு எலையில வச்சு, மறுநாளு கண்ண கட்டிகினு மாட்டினேன். தெருவே கை தட்டுச்சு."

பேசிக்கொண்டே கழற்றினார். கழற்றிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தினார்.

ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது.

"எங்கே ஊசி?" அதிகாரியின் குரல் தாழ்ந்தது. "ஒளிச்சு வச்சிருக்கீங்களா? எல்லாப் பையையும் கொட்டுங்க!"

கொட்டினார்கள். முறுக்கு, மிளகாய்ப் பொடி, இரண்டு லுங்கி, படவேட்டு அம்மன் படம். ஊசி இல்லை. அருணகிரி லுங்கிகளை மறுபடியும் உதறிப் பார்த்தார். சின்னம்மாள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க... அது இம்மாம் நீளம், முனை மழுக்கையா, பளபளன்னு இருக்குமா?"

"ஆமா! எங்கமே அது?"

"அந்த மொத பூஜை மறுநாளு, நீங்க கண்ண கட்டிகினு மாட்டினப்புறம் எலையில ஒரு ஆணி மிச்சம் கெடந்துச்சு. சந்தனத்தோட கெடந்ததால தறியோடதுன்னு நெனச்சு நாடாவுல போட்டேன். அன்னியிலருந்து ஒரு எழை அறுந்ததில்லீங்க."

"மூணு வருசமா சொல்லவே இல்லையே!"

"நீங்க சுடவே இல்லையே!"

அதிகாரி பேனாவை மூடினார். அவருக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. "சுடாத துப்பாக்கியை ஏத்தறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா ஊசி இல்லாத துப்பாக்கியை வச்சுக்கிட்டு அங்கே என்ன வேலை குடுப்பாங்க?"

அருணகிரி தந்தியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த காக்கிச் சட்டை கண்ணெதிரிலேயே கழன்று போய்க்கொண்டிருந்தது. "வாமே, ஊருக்கே போலாம்," என்றார். சின்னம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பஸ்ஸுல போயி ஓடியாந்துடறேங்க, ஆணிய எடுத்தாந்துடறேன்," என்றாள். ஆரணிக்குப் போய் வர ஒரு பகல் ஆகும் என்பது அவளுக்கும் தெரியும்.

வழுக்கைத் தலைக்காரர் தூணைவிட்டு வெளியே வந்தார். இந்தத் தடவை நொண்டி நொண்டி மேசைவரைக்கும் வந்துவிட்டார். ரப்பர் வளையத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, தந்தியை எடுத்துப் படித்தார். கீழே 'மேனேஜர்' என்று போட்டிருந்த தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். ஊசி இருக்க வேண்டிய ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அந்த ஊசி தறியிலேயே இருக்கட்டும்மா, போன காவல்காரர் துப்பாக்கியில ஊசி இருந்ததாலதான் நான் ரெண்டு மாசமா உட்கார முடியாம நின்னுக்கிட்டே பேங்க் நடத்தறேன்."