சாக்கடை வாயுவில் போட்ட காபி

மயிலாப்பூரில் எதில் வேண்டுமானாலும் விளையாடலாம், காபியில் மட்டும் விளையாடக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டவள் சொல்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளில், நகரத்தின் கழிவுநீரைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் இளநிலைப் பொறியாளர். (சாக்கடை இன்ஜினியர் பெண்ணுக்கு வரன் எந்த அழகில் வரும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.) ஊர்க் கழிவெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து மக்கும்போது ஒரு வாயு கிளம்பும். அப்படியே காற்றில் விட்டால் அடுப்புப் புகையைவிட மோசமாகப் பூமியைச் சூடாக்கும். பிடித்து எரித்தால் கெடுதல் வெகுவாகக் குறையும், அடுப்பும் எரியும். இதுதான் திட்டம். அருமையான திட்டம் என்று இன்றைக்கும் சண்டை போடத் தயார். வாயுவைப் பிடித்தோம், நாற்றத்தை எடுத்தோம், அடுப்பில் நீலமாக எரிந்தது.

கெடுத்தவர் என் மேலதிகாரி. அபிராமபுரத்தில் ஒரு மண்டபத்தில் பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் என்று முடிவு செய்தார்.

"வர்றவங்களுக்கெல்லாம் நீயே காபி போட்டுக் கொடும்மா. எந்த கேஸ்னு கடைசியில நான் மைக்ல சொல்றேன்."

"முதல்லயே சொல்லிடலாம் சார்."

"சொன்னா எவன் குடிப்பான்?"

அப்போதே தகராறு செய்திருக்க வேண்டும். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்பா அதற்கு மேல். மந்தைவெளியில் ஒரு வரன், என் உத்தியோகத்தைக் கேட்டு இழுத்துக்கொண்டிருந்தது. "அவாளையும் அங்கேயே வரச் சொல்லிடறேன். பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு, உன் வேலை எவ்வளவு கௌரவம்னு தெரிஞ்ச மாதிரியும் ஆச்சு" என்றார். ஆக, அரசாங்க அடுப்புக்கு முன்னால் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக நின்று பால் காய்ச்சியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொஜ்ஜியும் பஜ்ஜியும்தான் பாக்கி.

முதல் வரிசையில் பிள்ளை, பக்கத்தில் அவர் அம்மா. மாமி ஒரு வாய் குடித்தார்.

"பேஷ்! கள்ளிச்சொட்டா இருக்கே! இன்னும் கொஞ்சம் விடும்மா."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மனதுக்குள் முகூர்த்தமே குறித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி மைக்கைப் பிடித்தார். "நீங்கள் இப்போது அருந்திய சுவையான காபி, உங்கள் வீட்டுக் கழிவறைகளிலிருந்து கிடைத்த வாயுவில் தயாரானது!" சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

டம்ளர்கள்தான் தடதடவென்று விழுந்தன. ஒருவர் வாசலுக்கு ஓடினார். மாமி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏகாதசியும் அதுவுமா இந்தக் கண்றாவியைக் குடிக்க வெச்சுட்டாளே!" என்று அலறினார்.

ஏதாவது சமாதானம் சொல்லுங்கள் என்று மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேடை ஓரமாக நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்கைத் திறந்து தன் காபியை ஊற்றிக்கொண்டிருந்தார்!

விறுவிறுவென்று மேடையேறினேன். மைக்கைப் பிடுங்கினேன்.

"எரிஞ்சதுதான் அந்த கேஸ்! பாத்திரத்துல இருந்தது பசும்பால்! இவ்வளவு படிச்சவாளுக்கு இதுகூடவா தெரியாது?" மாமியிடமும் திரும்பினேன். "மாமி, உங்காத்துலேர்ந்தும்தான் தினம் வந்து சேர்றது. உங்களுதே உங்களுக்கு அசிங்கமா?"

மாமி எழுந்தார். "இந்த வாயை வெச்சுண்டு நீ எந்த ஆத்துல குப்பை கொட்டப்போறே?"

பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? இரண்டு டம்ளர் சப்புக்கொட்டிக் குடித்த மனிதர், அம்மா பார்ப்பதற்குள் காலி டம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் முன்பே, நான் மனதுக்குள் வேண்டாம் என்றுவிட்டேன். (அப்பா இதை இன்றுவரை நம்பவில்லை.)

அத்தோடு அடுப்பையும் மூட்டை கட்டினார்கள். "ஜனங்களுக்குப் பக்குவம் போதாது" என்று மேலதிகாரி கைகழுவினார். உண்மையைச் சொல்ல அவருக்குத் துப்பில்லை, பழி ஜனங்களுக்கு! வாயு பழையபடி வானத்துக்கே போனது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விஷயம் மாட வீதிகளில் மறுநாளே பரவிவிட்டது. அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசற்படியிலேயே, "காபியெல்லாம் வேண்டாம், இப்பதான் குடிச்சுட்டு வந்தோம்" என்றார்கள். அப்பா கூனிக்குறுகிப் போனார்.

கடைசியில் அடையாறிலிருந்து ஒருவர் வந்தார். உட்கார்ந்ததுமே, "காபி கிடைக்குமா? அந்த கேஸ்ல போட்டதா இருந்தாலும் பரவாயில்லை" என்றார். கிண்டல் செய்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் நீட்டினேன். மனிதர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, "எனக்குச் சம்மதம்" என்றார்.

அவர்தான் என் வீட்டுக்காரர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் காபி வந்ததும் ஆரம்பித்துவிடுவார்: "ஊரே பயந்து ஓடித்து. குடிச்சுட்டுக் கட்டிண்டவன் நான் ஒருத்தன்தான்!" எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அன்றைக்கு என் காபி எப்படி இருந்தது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நாக்குதான் வெந்துபோயிடுத்தே!" என்கிறார், பாவி மனுஷன்.