இட்லித் தட்டு கேட்ட கம்பவுண்டர்

மதுரைக்காரனிடமிருந்து எதை வேண்டுமானாலும் பிடுங்கிவிடலாம், காலை இட்லியை மட்டும் பிடுங்க முடியாது என்பார்கள். பிடுங்கிய மனிதர் ஒருவர் இருந்தார். ஒரு வீட்டிலிருந்து இல்லை ஐயா, ஒரு தெருவிலிருந்தே! அதுவும் வருடா வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் முழுக்க. பதிலுக்கு அவர் தந்தது வீட்டுக்கு ஒரு தட்டு சாக்லேட் பிஸ்கட்.

அவருடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிற வேலை. அதனால் எல்லாருக்கும் கம்பவுண்டர். அவர் மனைவிகூட, "கம்பவுண்டரு இன்னும் சாப்பிடலை" என்றுதான் சொல்வார்.

நரிமேட்டுப் பக்கம் அந்தத் தெருவுக்கு நான் குடிபோனது எழுபதுகளின் கடைசியில். கல்யாணமான புதிது. வண்டியிலிருந்து சாமான் இறக்கும்போது எனக்கு விக்கல் எடுத்தது. எதிர்வீட்டிலிருந்து வெள்ளை அரைக்கைச் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"எம்புட்டு நேரமா இருக்கு?"

"இப்பத்தாங்க. தண்ணி குடிச்சா நின்னுரும்."

"அதை டாக்டர் சொல்லணும். நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. ஏறுங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்தி என்னை அதற்குள் திணித்துவிட்டார். புதுப்பெண்டாட்டி பாய்க்கட்டோடு நடுத்தெருவில் நிற்க, விக்கலுக்காக ஆஸ்பத்திரி போன ஆள் மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். கோரிப்பாளையம் போவதற்குள் விக்கல் நின்றுவிட்டது. மனுஷன் விடவில்லையே! டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கம்பவுண்டர் தெருவா?" என்று மட்டும் கேட்டார்.

தெருவில் எல்லாருக்கும் இதே கதிதான். தலைவலி என்றாலும் ரிக்‌ஷா, கால் சுளுக்கு என்றாலும் ரிக்‌ஷா. ஆயுசு பூராவும் மருந்து கலக்கிய மனிதர், தெருக்காரர்களுக்கு ஒரு சொட்டு இருமல் மருந்து தரமாட்டார். கேட்டால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

டிசம்பர் வந்தது. ஒருநாள் காலையில் வாசலில் நின்றார்.

"உங்க வீட்டு இட்லித் தட்டைக் குடுங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்குத் தந்துர்றேன்."

என் மனைவி செல்வி திருவாதவூர்க்காரி. இட்லி அவியாத காலையை விடிந்ததாகவே கணக்கில் சேர்க்காதவள். "கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்கேண்ணே, அதுவரைக்கும் நாங்க எதைத் திங்கிறது?" என்றாள். அவர் அசையவில்லை. தட்டு போய்விட்டது.

இந்த வழக்கம் வந்த கதையை எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். வீட்டுக்காரர் என்றால் எங்களுக்கு வாடகைக்கு விட்டவர். நெடுநாள் மூல வியாதிக்காரர். அது அவர் குற்றமில்லை, ஆனால் கதைக்கு அது வேண்டும்.

நான் குடிவருவதற்குச் சில வருடம் முன்புதான் கம்பவுண்டருக்குத் திடீரென்று சாக்லேட் ஆசை வந்திருக்கிறது. கோகோப் பொடி, சர்க்கரை, கோகோ வெண்ணெய் மூன்றையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, அச்சில் ஊற்றி, தெரு முழுக்கக் கொடுத்தார். எல்லாரும் சப்புக்கொட்டித் தின்றார்கள். வீட்டுக்காரர் மட்டும் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். விரல்நுனி அளவு. ஒருபக்கம் கூர். எங்கோ பார்த்த முகம் மாதிரி இருந்திருக்கிறது.

"யோவ் கம்பவுண்டரு! இது எனக்குப் பின்னாடி வைக்கக் குடுக்குற மாத்திரை ஷேப்புல்ல?"

"அச்சு அதே வகைதான். ஆனா புதுசு. ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பாக்காதது."

"அப்ப சரக்கு?"

"அதுக்கும் கோகோ வெண்ணெய்தான், இதுக்கும் அதுதான். உடம்புச் சூட்டுல தானாக் கரையும்."

"எந்தப் பக்கத்துச் சூட்டுலய்யா?"

அவ்வளவுதான். தெருவே வாய் கொப்பளித்தது. கம்பவுண்டர் புது அச்சுதான் என்று பைபிள்மேல் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. அடுத்த வருடம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரவர் வீட்டு இட்லித் தட்டையே அச்சாக வைத்துவிட்டால் யார் சந்தேகப்பட முடியும்? குழி பெரிதாயிற்றே என்று பிஸ்கட்டையும் உள்ளே வைத்தார்.

செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி ஐஸைச் சாக்கில் சுற்றி, உமி கொட்டி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். தெரு நெடுக ஈரக்கோடு விழும். தட்டின் ஓட்டை வழியே ஒழுகாமலிருக்க, மருந்துப் பொடி மடிக்கிற வழுவழுப்புத் தாளைக் குழிக்குக் குழி பதிப்பார். ரொட்டிக்கடை பிஸ்கட் இரண்டு, நடுவே வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்த கிரீம். குழியில் கொஞ்சம் சாக்லேட், அதன்மேல் பிஸ்கட் ஜோடி, மறுபடி மூடுகிற அளவுக்குச் சாக்லேட். தட்டை ஐஸ்மேல் வைத்துவிட்டு, ஆபரேஷன் நடக்கிற மாதிரி எல்லாரையும் வாயை மூடச் சொல்வார். கவிழ்த்துத் தட்டினால் கறுப்பு இட்லி! கடித்தால் மொறுமொறுவென்று உள்ளே பிஸ்கட். பொய் சொல்லக் கூடாது, அந்த ருசிக்கு ஈடாக நான் இன்றுவரை எதுவும் தின்றதில்லை.

ஆனால் இத்தனையும் ஒருநாள் வேலை. தட்டு எதற்கு ஒரு வாரம்? நான் கேட்டேன்.

"இட்லிப் புளிப்பு தட்டுல ஊறிப் போயிருக்குங்க. அது இறங்க நாளாகும். இல்லாட்டி சாக்லேட் பிடிக்காது."

அலுமினியத் தட்டில் என்ன புளிப்பு ஊறும்! இருந்தாலும் மருந்து படித்தவர் சொன்னால் மறுத்துப் பேச முடியுமா? அந்த ஒரு வாரமும் தெருவே தூக்குச்சட்டியோடு தெருமுனை ராக்கு அக்காவின் இட்லிக்கடைக்கு ஓடும். கடை என்றால், வீட்டு வாசலில் ஓர் அடுப்பும் ஒரு கொப்பரையும். புருஷன் போனபிறகு அதை வைத்துத்தான் அவர் பிழைத்தார். மற்ற நாட்களில் மாவு மிஞ்சும். அந்த வாரம் மட்டும் நின்று மூச்சுவிட நேரமிருக்காது.

அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கம்பவுண்டர் போகமாட்டார். தட்டும் கேட்கமாட்டார், பிஸ்கட்டும் கொடுக்கமாட்டார். பஸ்ஸுக்குத் தெருமுனை வழிதான் பக்கம். அவரோ பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்.

காரணம் ஒருநாள் டீக்கடையில் தெரிந்தது. நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்காரர் வழக்கம்போலக் கம்பவுண்டரை வம்புக்கிழுத்தார். "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாக. நம்ம கம்பவுண்டரு கணக்கு எம்புட்டு இருக்கும்?"

எல்லாரும் சிரித்தோம். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார். "ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார்.

ராக்கு அக்காவின் புருஷன் பரமசிவம் பரவைச் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்தவர். கம்பவுண்டருக்கு உயிர்ச் சிநேகிதர். இவர் கிறிஸ்தவர், அவர் முருக பக்தர். ஆனாலும் வாய்க்கு வாய் மாப்ள, மாப்ளதான். ராக்கு அக்காவுக்குக் கம்பவுண்டர் 'அண்ணே'. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரமசிவம் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நெஞ்சு கரிக்குது மாப்ள."

"கறி தின்னியா?"

"ஞாயித்துக்கிழமைல்ல."

"அப்ப வாயுதான். இதைக் குடிச்சிட்டுப் படு."

கம்பவுண்டர் தன் கையால் கலக்கிய மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்த பரமசிவம் எழுந்திருக்கவில்லை. வந்தது மாரடைப்பு. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

ராக்கு அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. அதன்பிறகு 'அண்ணே' என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அந்த வருடக் கடைசியில்தான் கம்பவுண்டர் சாக்லேட் செய்ய ஆரம்பித்தது. முதல் தட்டு மனைவி கையில் ராக்கு அக்கா வீட்டுக்குப் போனது. அது வாசல் மாடத்தில் வைத்தது வைத்தபடி இருந்து, எறும்பு மொய்த்துக் கிடந்ததை மறுநாள் கம்பவுண்டரே பார்த்திருக்கிறார். தன் கை பட்டதை அந்த வீடு இனி வாயில் வைக்காது என்று முடிவு செய்துவிட்டார்.

அதைக் கேட்டபிறகு அந்த ரிக்‌ஷாவை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. விக்கலுக்கே என்னை ஏற்றிக்கொண்டு போன மனிதர் மனதில் யாரை ஏற்றிக்கொண்டு போனார் என்று புரிந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் என் மாமியார் வீட்டிலிருந்து எங்களுக்கு இன்னொரு செட் இட்லித் தட்டு வந்துவிட்டது. கம்பவுண்டர் வந்ததும் பழைய தட்டைச் சந்தோஷமாக நீட்டினேன். அவர் எட்டி அடுக்களையைப் பார்த்தார்.

"அதையும் குடுங்க."

"அது எதுக்குய்யா? ஒரு வீட்டுக்கு ஒரு தட்டுதானே?"

"குடுங்க, சொல்றேன்."

"என்ன அநியாயமா இருக்கு! எங்க வீட்டுத் தட்டு, எங்க மாவு..."

நான் குரலை உயர்த்த, செல்வி குறுக்கே வந்து இரண்டாவது தட்டையும் பேசாமல் அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் போனதும் என்மேல் பாய்ந்தாள். "உங்களுக்கு மண்டையில மசாலா இருக்கா? அந்த மனுசனுக்குச் சாக்லேட் ஊத்தவா தட்டு? இந்த ஒரு வாரம் எந்த வீட்டுலயும் இட்லி அவியக் கூடாது. எல்லாரும் ராக்கு அக்காட்ட வாங்கணும். அதுக்குத்தான்!"

தெருப் பெண்களுக்கெல்லாம் எப்போதோ தெரியுமாம். தெரிந்துதான் முனகிக்கொண்டே தட்டைக் கொடுத்தார்களாம். ஆம்பிளைகள் நாங்கள்தான் புளிப்பு இறங்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சாக்லேட் ஊற்றுகிற நாள் வந்தது. கம்பவுண்டர் வீட்டு முற்றத்தில் ஐஸும் தட்டுகளும் பரப்பிக் கிடந்தன. நான் எங்கள் தட்டுக்கு விசுவாசமாகக் காவல் நின்றேன். வாசலில் நிழல் தட்டியது. திரும்பினால் ராக்கு அக்கா. இடுப்பில் கடையின் பெரிய இட்லித் தட்டுகள், கழுவின ஈரத்தோடு.

கம்பவுண்டர் கரண்டியோடு எழுந்து நின்றார். கரண்டியிலிருந்து சாக்லேட் தரையில் சொட்டியது.

"எம்புட்டு வருசமா தெரு பூராத் தட்டு கேக்குறீங்க. எங்க வீட்டுல மட்டும் கேக்கலையே?"

"நீ வாயில வைக்க மாட்டேன்னு... அன்னைக்கு மாடத்துல..." என்று கம்பவுண்டர் ஏதோ குழறினார்.

"அது தலை வருசம். அவரு போயி வருசம் திரும்பலை. எங்களுக்கு ஏது பண்டிகை? தீவாளிக்கு எங்க அண்ணன் மேலூர்ல இருந்து கொண்டாந்த முறுக்கையும்தான் நான் தொடலை. அவன் என்ன கோவிச்சுக்கிட்டானா? மறுவருசம் வந்தான்ல? நீங்க ஏன் வரலை?"

துக்க வீட்டின் அந்த நோன்பு கம்பவுண்டருக்குத் தெரியாது. தெருவில் யாராவது சொல்லியிருக்கலாம். அவர் யாரிடமும் கேட்கவுமில்லை.

"தங்கச்சி, நான்தானே வாயுன்னு சொன்னேன்" என்றார். எத்தனை வருடம் தொண்டையில் கிடந்ததோ, அந்த வார்த்தை வெளியே வந்ததும் உடம்பு குலுங்க அழுதார்.

"ஆமா. நீங்கதான் சொன்னீங்க. அவரும் நம்பினாரு, நானும் நம்பினேன். அது எனக்கு மறக்காது. மறந்துட்டேன்னு பொய் சொல்லவும் மாட்டேன்." ராக்கு அக்கா தட்டுகளை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டார். "அதுக்காக இந்த வாசலை மிதிக்காமலே இருந்துருவீங்களா? ஒரு வாரம் ஊரே என் வாசல்ல ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? பின்சந்து வழியாப் போயிட்டா என் கண்ணுக்குத் தெரியாதா?"

தட்டுகளை ஐஸ் பக்கத்தில் வைத்தார்.

"ஊத்துங்கண்ணே."

அண்ணே என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கம்பவுண்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எங்கள் தட்டைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சோதனையைப் பாருங்கள், கடைத் தட்டு துணி போட்டு அவிக்கிற தட்டு. குழி முழுக்கக் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. கம்பவுண்டர் தாளை இரண்டு மடிப்பாகப் போட்டும் நிற்கவில்லை. ஊற்ற ஊற்ற ஒழுகி, பிஸ்கட் ஒருபக்கம் எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றும் ஒரு கோணலாக வந்தது. ராக்கு அக்கா அதில் ஒன்றை எடுத்து, நின்றபடியே முழுசாகத் தின்றார்.

"இட்லிக்கு ஈடாகாது. ஆனா நல்லாத்தான் இருக்குண்ணே."

கம்பவுண்டர் அடுத்ததை எடுத்து நீட்டினார். அதையும் வாங்கித் தின்றார்.

தட்டு கிறிஸ்துமஸ் அன்றுதான் திரும்பும் என்பது வழக்கமாயிற்றே, கடைத் தட்டும் அதுவரை கம்பவுண்டர் வீட்டிலேயே இருந்தது. ஆகவே தெருவில் எந்த வீட்டிலும் இட்லி இல்லை, கடையிலும் இல்லை. மூன்று வேளையும் உப்புமா. உப்புமா என்றாலே முகத்தைச் சுளிக்கிற செல்வி, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். தெருவில் ஒருவர்கூட முனகவில்லை.

கம்பவுண்டர் போய் வருடங்களாகிவிட்டன. எங்கள் வீட்டில் இப்போது மூன்று செட் இட்லித் தட்டு இருக்கிறது. அவர் வந்து வாசலில் நின்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் மூன்றையும் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.