ரோஸ்லின் ஆன்ட்டியின் மேசைக்குள் என் கை

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு இரண்டுமே வராது.

விவேக் நகரில் ரோஸ்லின் ஆன்ட்டியின் மாடி வீடு காலியாக இருந்தது. நல்ல காற்று, வெளிச்சம், எந்நேரமும் தண்ணீர் (தண்ணீர் என்றதும் என் கணவர் செந்திலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது). மாதக்கணக்காக அலைந்தவர்கள் நாங்கள், அந்த வீட்டை விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் ஆன்ட்டி உடனே சரி சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம நம்ம வீட்ல புக் கிளப் இருக்கு. இதைப் படிச்சிட்டு ரெண்டு பேரும் வாங்க. எப்படிப்பட்ட ஆளுங்கன்னு பார்த்துட்டு சொல்றேன்" என்று ஒரு தடித்த நாவலைக் கொடுத்தார்.

பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கொலையைத் துப்பறிகிற கதை. ரத்தம் கிடையாது, பயம் கிடையாது. டீ குடித்துக்கொண்டே கொலைகாரனைப் பிடித்துவிடுகிறார். பழைய மேசையின் டிராயரை உருவி, அதன் பின்னால் இருக்கும் ரகசிய இடத்தில் கைவிட்டு உயிலை எடுக்கிறார் பாருங்கள், அந்தப் பக்கத்தில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். (செந்தில் முதல் அத்தியாயத்திலேயே தூங்கிவிட்டார்.)

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஏழெட்டுப் பேர். "பூனை வர்ற எடமெல்லாம் அருமை" என்றார் ஒரு டீச்சர். "கொலகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சிடுச்சு" என்றார் இன்னொருவர். நான் அந்த ரகசிய டிராயரைப் புகழ ஆரம்பித்தேன். அப்போது காபி கொண்டு வந்த ஆன்ட்டியின் கணவர் சேவியர் அங்கிள் நின்றார். சர்க்கரை நோயாளி, புத்தகம் பக்கமே போகாதவர்.

"ரகசிய டிராயரெல்லாம் சுத்தப் பொய்" என்றார். "எந்த ஆசாரி சும்மா எடம் விடுவான்? இதோ, நம்ம மேசையும் அந்தக் காலத்து மேசைதான். உள்ள ஒண்ணும் கெடையாது."

எனக்குப் பொறுக்கவில்லை. என் நாவலைப் பொய் என்பதா?

"இருக்கும் அங்கிள்" என்று எழுந்து, டிராயரை உருவி, முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். செந்தில் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். யார் கேட்டது?

உள்ளே நிஜமாகவே ஓர் இடம் இருந்தது. அதில் ஜில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். கெட்டியாகப் பிடித்தேன். இழுத்தேன். கை வரவில்லை.

தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். பாத்திரம் விளக்கும் சோப்பைக் கரைத்து விட்டார்கள். "கைய அறுக்கறதா, மேசைய அறுக்கறதா?" என்று ஒருவர் நிதானமாகக் கேட்டார். அங்கிள் மட்டும், "மெதுவா விடும்மா, விட்டுடும்மா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். வீடு போனது என்பது செந்தில் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஆன்ட்டிதான் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏம்மா, உள்ள எதையாவது புடிச்சிட்டிருக்கியா?"

"ஆமா ஆன்ட்டி."

"அதை விடேன்."

விட்டேன். கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. (படித்தவள்தான் நான். எம்.சி.ஏ.)

ஆன்ட்டி நீளக் கரண்டியை விட்டு அதை நெம்பி எடுத்தார். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. திறந்தால், நெய் மணக்க மைசூர்பாக்.

எல்லோரும் திரும்பினோம். அங்கிள் காபித் தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டிருந்தார்.

"அதான் சுகர் கொறையவே மாட்டேங்குதா?" என்ற ஆன்ட்டி, அலமாரியிலிருந்து சாவியை எடுத்து என் எண்ணெய்க் கையில் வைத்தார். "நாளைக்கே பால் காய்ச்சிடுங்க. இந்த மனுஷனக் கண்காணிக்க மாடில ஒரு டிடெக்டிவ் வேணும்."

அன்று முதல் நான் எதற்காவது துள்ளினால், "கைய பாக்கெட்ல வை" என்கிறார் செந்தில். ஆன்ட்டி தெருவில் யாரைப் பார்த்தாலும் என் கையைத் தூக்கிக் காட்டிக் கதை சொல்கிறார். அங்கிளும் என்னை மன்னித்துவிட்டார். அவருடைய டப்பா இப்போது எங்கள் ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பின்னால் இருக்கிறது. வாரத்துக்கு ஒரே ஒரு துண்டு என்று ஒப்பந்தம்.

போன ஞாயிறு புக் கிளப்பில் வேறொரு நாவல். அதில் துப்பறிகிற பெண்ணே திருடனோடு கூட்டு. "நீ என்னம்மா நெனக்கிற?" என்று ஆன்ட்டி என்னைக் கேட்டார்.

"சுத்தப் பொய் ஆன்ட்டி" என்றேன். "நம்பற மாதிரியே இல்ல."

அங்கிள் எனக்கு மட்டும் இன்னொரு காபி கொண்டு வந்தார்.