டேராடூன் அம்மா பேசினார்

சூசைராஜின் பெயின்ட் கடையில் போன் அடித்தது. எடுத்தால், ஒரு பெண் மூச்சு விடாமல் இந்தியில் பேசினார். ‘சகாயராஜ்’ என்பது மட்டும்தான் சூசைராஜுக்குப் புரிந்தது. டேராடூனில் படிக்கிற மகனுக்கு என்ன ஆனதோ என்று பதறி, பக்கத்து செருப்புக் கடை முகமது ரஃபீக்கிடம் ஓடினார். சரக்கெடுக்க ஆக்ரா போய்ப் போய் இந்தி கற்றவன் அவன்.

கேட்கக் கேட்க ரஃபீக்கின் முகம் மாறியது.

“மாமா, உசுருக்கு ஒண்ணுமில்ல. தம்பி ஒரு பொம்பளப் பிள்ளையோட ஒரே வீட்ல இருக்கானாம். அந்த ஊர்ச் சட்டப்படி அதைப் பதிஞ்சிட்டானாம். ரெண்டு பேருக்கும் இருபத்தொண்ணு ஆகலன்னு பெத்தவங்களுக்குத் தகவல் சொல்றாங்க.”

“கல்யாணமாப்பா?”

“அதுக்குத் தம்பிக்கு வயசு பத்தாது. சேந்து இருக்கப் பத்துமாம்.”

“நம்மூர்ல அப்படிச் சட்டமே இல்லையே!”

“அங்க புதுசா வந்திருக்கு. பிள்ளை யாருன்னு கேக்கவா?”

“ஏலே, வேணாம்! போனை வையி!”

கடைக்கு வந்திருந்தவர்களை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. போன மாதம்தான், ஓடிப்போய்த் தாலி கட்டிய பையன் ஒருவனின் தகப்பனைத் தெரு நலச்சங்கத்திலிருந்து நீக்கினார்கள். ‘பிள்ளை வளர்க்கத் தெரியாதவருக்கு இங்கே என்ன வேலை?’ என்று முழங்கியவர் சூசைராஜேதான்.

மகனைக் கூப்பிடப் போனை எடுத்தார். என்னவென்று கேட்பது? வைத்துவிட்டார்.

மதியம் சாப்பாடு போட்டபடியே மனைவி செபாஸ்தியம்மாள் கேட்டாள்.

“டேராடூன் கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்து பேசுனாங்களாமே? என்னத்தையோ பதிஞ்சிருக்கானாமே?”

“ஆமா... வேலைக்கு.”

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஜாங்கிரி போய்விட்டது.

இரவு எதிர்வீட்டு முத்துக்கிருஷ்ணன் வந்தார். அவர்தான் சங்கத் தலைவர்.

“பேனர் வைக்கிறோம் சூசை! வடக்க படிக்கிற எம்மக அறிவுச்செல்விட்டகூடப் போன்ல சொல்லிட்டேன், சகாயத்தப் பாத்துக் கத்துக்கன்னு.”

சூசைராஜுக்கு வேர்த்தது.

“வேணாம்ணே. அது... வெளிய சொல்லக்கூடாத வேலை.”

முத்துக்கிருஷ்ணனின் கண்கள் விரிந்தன. “உளவுத்துறையா? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா!”

மறுநாள் காலை தெருமுனையில், முதலில் நினைத்ததைவிட இரண்டு மடங்கு பெரிய பேனர் ஏறியது. ‘தேசம் காக்கப் புறப்பட்ட எங்கள் தெருச் சிங்கமே!’ கறுப்புக் கண்ணாடி ஒட்டிய முகத்தோடு சகாயராஜ் சிரித்தான். செபாஸ்தியம்மாள் பூரித்து நின்றாள். அவளைப் பார்க்கத்தான் சூசைராஜுக்கு ரொம்பக் கூசியது. மைக்கைப் பிடுங்கி உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

“ஒழுக்கமா வளத்தா பிள்ளைக எப்படி வரும்னு...” என்று மைக்கில் ஆரம்பித்த முத்துக்கிருஷ்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது. காதில் வைத்தார். விழித்தார். கூட்டத்தில் நின்ற ரஃபீக்கைக் கையசைத்துக் கூப்பிட்டார். இருவரும் பேனருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

திரும்பி வந்தது ரஃபீக் மட்டும்தான். நேரே சூசைராஜின் காதருகே வந்து குனிந்தான்.

“மாமா, பேசுனது அதே டேராடூன் அம்மாதான். இனிமே உங்களச் சம்பந்தின்னு கூப்பிடலாமான்னு முத்துக்கிருஷ்ணன் மாமா கேட்டுட்டு வரச் சொன்னாரு.”